செயினுக்கு அடியில் எந்தப் பிளாஸ்டிக்? பான பாட்டில் கன்வேயர்களின் தேய்மானப் பட்டைகள் குறித்த ஓர் ஒப்பீடு

பாட்டில் லைன்களின் பராமரிப்பைக் கவனிப்பவர்கள், பட்டை மாற்றும் காலம் வரும்போதெல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பாட்டில்களைச் சுமந்தோடும் செயினுக்கு அடியில் போடும் வியர் ஸ்ட்ரிப்பை, அதாவது தேய்மானப் பட்டையை, வழக்கம்போல் பச்சை நிறப் பாலிஎத்திலீனிலேயே வாங்குவதா, விலை கூடினாலும் அசிட்டாலுக்கோ நைலானுக்கோ மாறிவிடுவதா என்பதுதான் அது. விற்பவர் தரும் தாளில் இழுவலிமை, கடினத்தன்மை, உருகுநிலை ஆகியவை வரிசையாக இருக்கும். அதை மட்டும் படித்தால், கடினமான பொருளே நெடுநாள் உழைக்கும் என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடுவார்கள். ஆனால் பட்டை தனியாகத் தேய்வதில்லை. அதன்மேல் ஓடும் செயினும், இரண்டுக்கும் நடுவே சிக்கும் சர்க்கரைப் பிசினும் கண்ணாடித் துகளும் சோப்பு நீரும் சேர்ந்தே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அதனால் இங்கே ஒவ்வொரு பொருளையும் அது எந்தச் செயினோடு, எந்த இடத்தில் சேர்கிறது என்பதை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

இந்த ஒப்பீடு முழுவதிலும் ஓர் அடிப்படையைப் பிடித்துக்கொள்கிறேன்: தேய வேண்டியது பட்டை, காக்கப்பட வேண்டியது செயின். பட்டையை ஒரு ஷிப்டு இடைவெளியில் கழற்றி மாட்டிவிடலாம். செயினை மாற்றினால் பெரும்பாலும் அதை இழுக்கும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல வருடம் தேயாத பட்டையைக் கண்டு மகிழ்வதற்கு முன், அது எதைத் தேய்த்துவிட்டு அப்படியே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

## அளவுகோல்கள்

முதலாவது உராய்வு. நேரான கன்வேயரில் உராய்வு எண் சற்று கூடினால் மோட்டார் சற்றுக் கூடுதலாக இழுக்கும், அவ்வளவே. வளைவில் கதை வேறு. அங்கே செயினின் இழுவிசை கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளர்கிறது. உராய்வு எண் 0.15 என்றால் 90 டிகிரி வளைவு ஒன்றைக் கடக்கும்போது இழுவிசை சுமார் 1.27 மடங்காகிறது, 0.25 என்றால் 1.48 மடங்கு. அடுத்தடுத்து இரண்டு வளைவுகள் இருந்தால் இவை முறையே 1.60, 2.19 ஆகிவிடும். ஆகவே வளைவுகள் மிகுந்த லைனில், பட்டை விலையில் மிச்சம் பிடித்த தொகை செயினின் கண்ணிகளை இணைக்கும் பின்களில் போய்க் கரைந்துவிடும்.

இரண்டாவது, வெப்பத்துக்கும் நீருக்கும் அளவு மாறாமை. பிளாஸ்டிக் நீளும் என்பதை எல்லோரும் அறிவார்கள். எவ்வளவு நீளும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 3 மீட்டர் நீளப் பட்டை ஒன்று, குளிர்ந்த காலையில் பொருத்தப்பட்டுச் சுடுநீர்க் கழுவலின்போது 30 டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடிக்காத எஃகுச் சட்டகம் சுமார் 1.5 மி.மீ. நீளும். அதே இடத்தில் அசிட்டால் சுமார் 10 மி.மீ., பச்சைப் பட்டையின் பொருளான மிகைமூலக்கூற்றுப் பாலிஎத்திலீன் 18 மி.மீ. வரை நீளும். இந்த நீட்சிக்கு இடம் விடாமல் இரு முனையிலும் திருகப்பட்ட பட்டை நடுவில் வில்லாக எழும். மேலே போகும் காலி பாட்டில்கள் அந்த இடத்தில் சாயும்.

மூன்றாவது, கழுவும் ரசாயனம். குளிர்பானத்தின் அமிலம் பிளாஸ்டிக்கை அரித்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். சிந்திய பானத்தால் வரும் தொல்லை பெரும்பாலும் அதன் சர்க்கரை உலர்ந்து பிசினாகி உராய்வைக் கூட்டுவதுதான். உண்மையான தாக்குதல் காஸ்டிக் சோடா, நைட்ரிக் அமிலம், பெரசெட்டிக் அமிலம், குளோரின் கலந்த நுரை ஆகியவற்றிலிருந்து வருகிறது.

நான்காவது, துகள். கண்ணாடி உடையும் லைனும், பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் மட்டுமே ஓடும் லைனும் ஒரே பட்டையைக் கேட்பதில்லை. இதைப் பின்னர் தனியாக விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது, மாற்றுவதற்கு ஆகும் நேரம். இது பொருளின் குணம் அல்ல என்றாலும், எல்லாக் கணக்கையும் இதுவே புரட்டிப்போடும்.

## ஒரே பார்வையில்

| பொருள் | அடர்த்தி (கிராம்/க.செ.மீ.) | உருகுநிலை (செல்சியஸ்) | நீர் உறிஞ்சல் | பலவீனம் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| மிகைமூலக்கூற்றுப் பாலிஎத்திலீன் | 0.93 | சுமார் 135 | ஏறத்தாழ இல்லை | வெப்பநீட்சி, மென்மை | பெரும்பாலான பட்டைகள், வளைவுத் தடங்கள் |
| அசிட்டால் | 1.41 | 165–175 | மிகக் குறைவு | அமிலம், குளோரின் | செயின், ஸ்ப்ராக்கெட், நட்சத்திரச் சக்கரம் |
| வார்ப்பு நைலான் 6 | 1.15 | சுமார் 220 | மிக அதிகம் | ஈரத்தில் வீக்கம், அமிலம் | உலர்ந்த பகுதிகள் |
| பெட் (பொறியியல் தரம்) | 1.38 | சுமார் 255 | மிகக் குறைவு | சுடுநீர், வலுவான காரம் | அளவுத் துல்லியம் தேவைப்படும் உறுப்புகள் |
| பாலிப்ரோப்பிலீன் | 0.91 | 160–165 | ஏறத்தாழ இல்லை | குளிரில் நொறுங்கல் | பாஸ்ச்சரைசர் பெல்ட் |
| பீக் | 1.30 | 343 | மிகக் குறைவு | விலை | மிகச் சூடான சில புள்ளிகள் மட்டும் |

## மிகைமூலக்கூற்றுப் பாலிஎத்திலீன்

பட்டறையில் யூஹெச்எம்டபிள்யூ என்றோ வெறுமனே பச்சைப் பட்டை என்றோ அழைக்கப்படுவது இதுதான். சாதாரண பாலிஎத்திலீனின் மூலக்கூற்றுச் சங்கிலியைவிட இதன் சங்கிலி பன்மடங்கு நீளமானது. மூலக்கூற்று எடை பத்து லட்சங்களில் எண்ணப்படுகிறது. சங்கிலிகள் அத்தனை நீளமாக ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருப்பதால் மேற்பரப்பிலிருந்து ஒரு துணுக்கைப் பிய்த்தெடுப்பது கடினம்; மென்மையாக இருந்தும் இது தேய்மானத்தைத் தாங்குவதன் காரணம் அதுவே. அதே காரணத்தால் உருக்கினாலும் இது ஒழுகுவதில்லை, ஆகவே ஊசி வார்ப்பில் இதைச் செய்ய முடியாது. பொடியை அழுத்திப் பலகையாக்கியோ, தண்டால் தள்ளிப் பட்டையாக்கியோதான் செய்கிறார்கள்.

அசிட்டால் செயினுக்கு இதைவிட ஒத்துப்போகும் இணை அரிது. உலர்ந்த நிலையிலும் உராய்வு குறைவு, நீரை உறிஞ்சாது, காஸ்டிக் சோடாவை எளிதாகத் தாங்கும், அதிர்ச்சியில் உடையாது. வளைவுகளில் செயினைக் கீழே பிடித்துவைக்கக் காந்தம் புதைத்த தடங்களும் பெரும்பாலும் இப்பொருளிலேயே கடையப்படுகின்றன. பிளாஸ்டிக் செயினின் பின்கள் காந்தத்தால் ஈர்க்கப்படும் எஃகாக இருந்தால், பக்கவாட்டு இதழ் எதுவும் இல்லாமலே செயின் தடத்தில் தங்கும். கழுவுவதற்கு அதைத் தூக்கியும் வைக்கலாம்.

குறைகள் மூன்று. வெப்பநீட்சி முதல் குறை. அதைச் சரிசெய்வது பொருத்துபவரின் கையில்தான் இருக்கிறது. செயின் நுழையும் முனையை மட்டும் இறுக்கி, மறுமுனையை நீள்துளையில் விட்டு, இணைப்புகளை 45 டிகிரி சாய்வாக வெட்டி இடைவெளி கொடுத்தால் பட்டை தன் போக்கில் நீண்டு சுருங்கும். சாய்வெட்டு என்பதால் செயின் அந்த இடைவெளியில் இடறாது. இரண்டாவது குறை சூடு. 80 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் இது தளர்ந்துவிடும். லூப் எனும் மசகு இல்லாத அதிவேக வளைவின் உள்பக்கத்தில் உராய்வே அந்தச் சூட்டை உண்டாக்கக்கூடும். பட்டையில் பளபளப்பான, வழிந்தது போன்ற கோடு தெரிந்தால் அது தேய்மானம் அல்ல, உருகல். மூன்றாவது குறையான மென்மை, கண்ணாடி லைனில்தான் வெளிப்படும்.

வாங்கும்போது ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். புதிய பொடியில் செய்ததும், அரைத்த கழிவைக் கலந்து செய்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பின்னது விலை குறைவு, பெரும்பாலும் கறுப்பு. திறந்த வாய் பாட்டில்கள் செல்லும் இடத்துக்கு அதைப் போடக் கூடாது.

## அசிட்டால்

கடினம், விறைப்பு, எளிதில் கடையக்கூடிய தன்மை, நீரில் அளவு மாறாமை: ஒரு பற்சக்கரத்துக்கு வேண்டிய குணங்கள் யாவும் இதில் உள்ளன. தட்டையான மேற்பரப்புள்ள டேபிள்டாப் செயின்களின் பிளாஸ்டிக் வகைகளில் மிகுதியானவை அசிட்டாலே. ஸ்ப்ராக்கெட், பானம் நிரப்பும் இயந்திரமான ஃபில்லருக்கு முன் பாட்டிலைப் பிரித்து அனுப்பும் நட்சத்திரச் சக்கரம், பாட்டிலை நகர்த்தும் திருகு ஆகியவற்றுக்கும் இது முதல் தேர்வாக இருக்கத் தகுதியுடையது.

பட்டையாக இதைப் போடலாமா என்றால், செயினும் அசிட்டாலாக இருக்கும்போது வேண்டாம் என்பதே என் முடிவு. ஒரே வகைப் பிளாஸ்டிக்குகள் இரண்டு ஒன்றோடொன்று உரசும்போது மேற்பரப்புகள் ஒட்டிப் பிய்கின்றன, கீச்சொலி எழுகிறது, தேய்மானமும் சூடும் கூடுகின்றன. செயின் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் இந்த ஆட்சேபம் எழாது. ஸ்ப்ராக்கெட்டில் செயின் பெரும்பாலும் சறுக்காமல் அமர்ந்து எழுவதால், அங்கேயும் இந்த அச்சம் அவ்வளவு பொருந்தாது.

அசிட்டாலில் ஹோமோபாலிமர், கோபாலிமர் என இரு வகைகள் உண்டு. முன்னது சற்று வலுவானது. பின்னது சுடுநீரையும் காரத்தையும் நன்றாகத் தாங்குகிறது. ஹோமோபாலிமரின் தடித்த தண்டுகளில் மையத்தில் நுண்துளைகள் இருப்பதும் உண்டு. அத்தண்டிலிருந்து கடைந்த சக்கரத்தின் குடத்தில் (மையப் பகுதியில்) ஈரமும் அழுக்கும் தங்கும். பான லைனில் தினமும் கழுவல் நடப்பதால் கோபாலிமரையே கேட்டு வாங்குவது பொருத்தம். இரண்டுமே பிஹெச் 4க்குக் கீழான அமிலத்துக்கும் குளோரினுக்கும் தோற்றுவிடும். செயினின் மேற்பரப்பு வெண்மையாகி, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தால், செயின் விற்றவரிடம் சண்டைக்குப் போகுமுன் கிருமிநாசினியின் செறிவையும் அலசும் நேரத்தையும் பாருங்கள்.

## நைலான்

தாளில் பார்த்தால் நைலானே வெல்லும். சிராய்ப்பைத் தாங்கும், அதிகச் சுமை ஏற்கும், எண்ணெய் ஊறிய வகைகள் லூப் இல்லாமலும் ஓடும். அட்டைப்பெட்டிகளும், சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறையிட்ட ஷ்ரிங்க் கட்டுகளும் நகரும் லைனின் உலர்ந்த கடைசிப் பகுதியில் இது உண்மையிலேயே நன்றாக உழைக்கிறது.

ஆனால் இது தண்ணீர் குடிக்கும். நீரில் முழுதாக ஊறினால் தன் எடையில் 6 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சுகிறது. 2 சதவீத ஈரம் ஏறினாலே நீளம் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 3 மீட்டர் பட்டைக்கு அது 12 மி.மீ. வெப்பநீட்சி சூடு தணிந்ததும் திரும்பிவிடும், இந்த வீக்கம் ஈரம் இருக்கும்வரை திரும்பாது. மேலும் அது மெதுவாக நடப்பதால் பழி வேறு எங்கோ போய்ச் சேர்கிறது. ஃபில்லருக்குப் பின்னால் நைலான் பட்டை போட்ட ஒரு லைனில், முதல் மாதம் எல்லாம் அமைதியாக இருந்து, மூன்றாம் மாதம் மோட்டார் அடிக்கடி டிரிப் ஆனதைப் பார்த்திருக்கிறேன். மோட்டாரை மாற்றினார்கள், கியர்பாக்ஸைத் திறந்தார்கள். கடைசியில் பட்டையைக் கழற்ற முயன்றபோது அது வீங்கிப் பள்ளத்துக்குள் இறுகியிருந்ததால் உளிகொண்டு எடுக்க வேண்டியதாயிற்று. நீர்த்தெளிப்பு உள்ள எந்தப் பகுதியிலும் நைலான் பட்டை வேண்டாம்.

## மற்ற மூன்று

பொறியியல் தர பெட், அளவுத் துல்லியத்தில் அசிட்டாலையும் மிஞ்சும். வெப்பநீட்சி குறைவு, அமிலத்தையும் ஓரளவு பொறுக்கும். எனினும் 60–70 டிகிரிக்கு மேற்பட்ட சுடுநீரில் நெடுநாள் இருந்தால் நீராற்பகுப்பில் சிதையும், வலுவான காரமும் அதை அரிக்கும். சுடுநீரும் காஸ்டிக் சோடாவும் வராத லேபிள் இயந்திர உறுப்புகளுக்கு இது போதும்.

பாலிப்ரோப்பிலீன் பட்டைக்கான பொருள் அல்ல. ஆனால் நிரப்பிய பாட்டில்களைச் சுடுநீரால் கிருமி நீக்கும் டனல் பாஸ்ச்சரைசரின், துண்டுகளைக் கோத்த மாடுலர் பெல்ட்டுக்கு இதற்குச் சமமான மலிவு மாற்று இல்லை. அங்கே 60 டிகிரியை ஒட்டிய நீர் இடைவிடாது தெளிக்கப்படுகிறது. அசிட்டால் அந்தச் சூட்டைத் தாங்கினாலும், நீரில் கலக்கும் ஆக்சிஜனேற்றக் கிருமிநாசினிகளை நெடுநாள் தாங்காது. பாலிப்ரோப்பிலீனும் அவற்றின் அளவு எல்லை மீறினால் காலப்போக்கில் நொறுங்கும் என்பதால், நீரில் ரசாயனம் சேர்க்கும் அளவைக் கவனிக்காமல் பெல்ட்டை மட்டும் குறைசொல்ல முடியாது. குளிர்பதன அறையை ஒட்டிய கன்வேயருக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது. 0 டிகிரியை நெருங்கும்போது அடிபட்டால் கண்ணாடிபோல் உடையும்.

பீக் 250 டிகிரியில் தொடர்ந்து வேலை செய்யும். ஷ்ரிங்க் டனலின் வாசலில் ஒரு சிறு புஷ்ஷுக்கு அது நியாயமான செலவு. முழுக் கன்வேயருக்கு யாராவது பரிந்துரைத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

## கண்ணாடி லைன்: பிளாஸ்டிக்கே வேண்டாத இடம்

மென்மையான பட்டையில் கண்ணாடித் துகள் விழுந்தால் அது சறுக்கிப் போகாமல் உள்ளே பதிந்துவிடும். பதிந்த துகள்கள் பல சேர்ந்ததும் பட்டை உப்புத்தாளாக மாறி, மேலே ஓடும் செயினின் அடிப்பகுதியை நாள் முழுதும் அறுத்துக்கொண்டிருக்கும். பட்டையை எடுத்துப் பார்த்தால் தடிமன் ஏறக்குறைய குறையாமல் இருக்கும், செயினோ பாதியாகியிருக்கும். முன்னே சொன்ன ‘தேயாத பட்டை’ மாயை மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான்.

ஆகவே பாட்டில் கழுவும் இயந்திரத்தின் வெளிவாய், ஃபில்லரைச் சுற்றிய பகுதி போல உடைவு மிகுந்த இடங்களில், குளிர்முறையில் உருட்டிக் கடினமாக்கிய துருப்பிடிக்காத எஃகுப் பட்டையும் தொடர்ச்சியான ஈர லூப்பும் சேர்ந்தே சரியான தீர்வு. துகள் எஃகில் பதியாது. நீர் அதை அடித்துக்கொண்டு போகும். உடைவு அரிதான, பேக்கிங்குக்குப் போகும் நிரம்பிய பாட்டில் பகுதிகளில் பச்சைப் பட்டைக்குத் திரும்பலாம். ஒரே லைனில் இரண்டு வகைப் பட்டை இருப்பது ஸ்டோர்காரருக்குத் தலைவலிதான், ஆனாலும் அது தேவையான தலைவலி.

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

பிளாஸ்டிக்கைக் கிலோ கணக்கில் ஒப்பிடுவது பொதுவான தவறு. 1 கிலோ பாலிஎத்திலீனில் கிடைக்கும் பட்டையின் நீளம், அதே குறுக்களவில் 1 கிலோ அசிட்டாலில் கிடைப்பதைவிட ஒன்றரை மடங்கு. மீட்டருக்கு என்ன விலை என்று கேட்டால்தான் ஒப்பீடு நேராகும்.

லூப்பின் செலவு அடுத்தது. ஈர சோப்பு லூப் உராய்வைக் குறைக்கிறது. ஆனால் நீரையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் வழுக்கும் தரையையும் கூடவே கொண்டுவருகிறது. காரத்தன்மையுள்ள லூப் பெட் பாட்டிலின் இதழ் வடிவ அடிப்பாகத்தில் அழுத்த விரிசலை உண்டாக்கக்கூடும்; கார்பனேற்றிய பானம் நிரம்பிய பாட்டிலுக்கு அது சிறிய விஷயமல்ல. உலர் லூப்புக்கு மாறுபவர்கள் நீரை மிச்சப்படுத்தலாம்; ஆனால் தூசியை அடித்துச்செல்ல நீர் இல்லாததால் பட்டைகளைக் கையால் துடைக்கும் வேலை புதிதாக முளைக்கும். எஃகுப் பட்டையை வைத்துக்கொண்டு உலர் ஓட்டத்துக்கு மாறுவதைவிட, பட்டையையும் பாலிஎத்திலீனுக்கு மாற்றிவிட்டே லூப்பை மாற்றுவது முறை.

மின்சாரமும் ஒரு செலவு, இது நேரடியாகக் கண்ணில் படாது. பட்டை மாற்றும் முன்னும் பின்னும், அதே வேகத்தில் அதே சுமையில் மோட்டாரின் ஆம்பியரைக் குறித்துவைத்தால் உராய்வின் விலை எண்ணாகத் தெரியும்.

உணவுத் தொடர்புச் சான்று இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 10/2011 ஒழுங்குமுறையோ அமெரிக்காவின் 21 சிஎஃப்ஆர் 177ஆம் பகுதியோ கேட்கப்படும் ஏற்றுமதி லைனில், பொருளின் பெயர் மட்டும் போதாது. பின்னதில் ஒலிஃபின் பாலிமர்களுக்கு (பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீன் வகை) 177.1520, அசிட்டால் கோபாலிமருக்கு 177.2470 எனத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. நிறமியும் எண்ணெயும் சேர்த்த வகைக்குச் சான்று தனியாக இருக்கிறதா என்று ஆர்டருக்கு முன்பே கேட்க வேண்டும். தணிக்கையாளர் வந்த பிறகு கேட்டால், நல்ல நிலையில் உள்ள பட்டையைக் கழற்றிப்போட நேரலாம்.

## எந்த நிலைமைக்கு எது

பெட் பாட்டிலோ கேனோ ஓடும், அசிட்டால் செயின் போட்ட சாதாரண லைனுக்குப் புதிய பொடியில் செய்த மிகைமூலக்கூற்றுப் பாலிஎத்திலீன் பட்டையே என் பரிந்துரை. நீட்சிக்கு இடம் விட்டுப் பொருத்தினால் வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. காலி பெட் பாட்டில் நிலைமின்னால் ஒட்டிச் சாயும் இடங்களில் அதன் மின்கடத்தும் வகையைக் கேட்கலாம். அதிவேக வளைவில் உருகல் கோடு தெரிந்தால், பட்டையை மாற்றும் முன் வளைவுக்குச் சிறிது லூப் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் திட மசகு கலந்த உயர் வகைக்குச் செல்லலாம். உலர்ந்த பெட்டிப் பகுதியில் நைலான், உடைவு மிகுந்த கண்ணாடிப் பகுதியில் எஃகு. ஸ்ப்ராக்கெட்டுக்கு அசிட்டால் கோபாலிமர், அதுவும் இரண்டாகப் பிளந்து திருகும் வகை; ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் கழற்றாமலே மாற்ற முடிவதால், சற்றுக் கூடிய விலை முதல் மாற்றத்திலேயே திரும்பிவிடும்.

இவற்றில் எதையும் முழு லைனுக்கும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அருகருகே ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு கன்வேயர்களில் ஒன்றில் மட்டும் புதிய பட்டையைப் போட்டு, இரண்டிலும் புதுச் செயினிலிருந்து தொடங்குங்கள். பட்டையின் தடிமனைக் குறிப்பதோடு, செயினில் 20 கண்ணிகளை இழுத்துப் பிடித்து மாதம் ஒருமுறை அளந்து வாருங்கள். 38.1 மி.மீ. பிட்ச் (ஒரு கண்ணியின் நீளம்) உள்ள செயினுக்குப் புதிதில் இந்த நீளம் 762 மி.மீ.; 3 சதவீத நீட்சியான 785 மி.மீ.ஐத் தொட்டால் செயின் மாற்றத்துக்கு வந்துவிட்டது. கண்ணித் தகட்டின் தடிமனையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் துகள் பதிந்த பட்டை பிட்ச்சை நீட்டாமல் தகட்டை மட்டும் மெலியச் செய்யக்கூடும்.